ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்களின் ஊர்களும் சகோதர நகர உறவும்: எது நிற்கிறது, எது பலகையோடு போகிறது?

வடதிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மோரா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். ஸ்வீடனின் டாலார்னா பகுதியில், சில்யான் ஏரிக்கரையில் இருக்கும் மோராவின் பெயரைத்தான் இவ்வூருக்கு வைத்தார்கள். இரண்டும் இன்று சகோதர நகரங்கள், அதாவது நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்ட வெவ்வேறு நாட்டு ஊர்கள். ஊருக்குள் நுழைந்தால் சுமார் 25 அடி உயரத்தில் சிவப்பு வண்ணமிட்ட ஒரு குதிரைச் சிலை நிற்கும். ஸ்வீடனின் மோராவுக்கு அருகிலுள்ள நுஸ்னேஸ் கிராமத்தில் மரத்தில் செதுக்குகிறார்களே, அந்த டாலா குதிரையின் பெரிய வடிவம். 1971இல் எழுப்பினார்கள்.

ஆனால் நான் பேச வந்தது சிலையைப் பற்றி அல்ல, பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பற்றி. ஸ்வீடனில் 1922 முதல் வாசாலோப்பெட் என்ற நெடும் பந்தயம் நடக்கிறது. சேலனில் தொடங்கி மோராவில் முடியும், 90 கிலோமீட்டர். 1520-21 குளிர்காலத்தில் டென்மார்க் அரசனின் ஆட்களுக்குத் தப்பி ஓடிய குஸ்தாவ் வாசா, மோரா மக்களிடம் உதவி கேட்டார். அவர்கள் தயங்கினார்கள். அவர் நார்வே எல்லையை நோக்கிப் போய்விட்டார். ஸ்டாக்ஹோமில் நடந்த படுகொலைச் செய்தி வந்த பிறகு மோராவாசிகள் மனம் மாறி, சறுக்குவதில் தேர்ந்த இருவரை அனுப்பி அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள் என்பது மரபு வழிவந்த கதை. 1523இல் அவர் அரசரானார். அந்த ஓட்டத்தின் நினைவாகத்தான் பந்தயம்.

மினசோட்டாவின் மோரா அதே பெயரில் 1973 முதல் தன் பந்தயத்தை நடத்துகிறது. பிப்ரவரியில் ஊரே இதற்காக எழுந்து நிற்கும். வழியில் சூடான புளூபெரி சூப் கொடுப்பார்கள், ஸ்வீடனில் கொடுப்பதைப் போலவே. கடைசி வளைவில் மணி அடிப்பார்கள். ஊற்றிக் கொடுப்பவர்களில் ஸ்வீடன் வழியினர் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மானிய வழியினர், நார்வே வழியினர், என்னைப் போல் நேற்று வந்தவர்கள் எல்லோரும் நிற்கிறோம்.

என் கருத்தை நேராகவே வைக்கிறேன். சகோதர நகர உறவை இரத்தம் காப்பாற்றாது, கையெழுத்துப் பத்திரமும் காப்பாற்றாது. இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு வேலை இருக்க வேண்டும். அது ஆண்டுதோறும் செய்தே தீரவேண்டிய வேலையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தலைமுறையில் வரவேற்புப் பலகை மட்டும் மிஞ்சும். மற்ற ஊர்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன் எழுதியது:

உங்கள் மோரா விதிவிலக்கு. விதி வேறு.

இந்த ஏற்பாட்டின் பிறப்பைப் பாருங்கள். 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாட்டிலிருந்து கிளைத்தது அமெரிக்காவின் சகோதர நகர இயக்கம். பனிப்போர்க் காலம். நாட்டுக்கு நாடு பேச முடியாததை மக்களுக்கு மக்கள் பேசட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். நடைமுறையில் என்ன ஆகிறது? இரண்டு மேயர்கள், ஒரு கையெழுத்து, இரண்டு கொடிகள், ஒரு விருந்து. நான் முன்பு இருந்த ஒரு சிறுநகரத்தின் வரவுசெலவுக் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சகோதர நகரம் என்ற தலைப்பில் பயணச் செலவு இருந்தது, மாணவர் பரிமாற்றம் என்ற வரியே இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் லிண்ட்ஸ்ட்ரோம். மினசோட்டாவிலேயே, சிசாகோ ஏரிகள் பகுதியில் இருக்கிறது. ஸ்வீடனின் டிங்ஸ்ரீட் அதன் சகோதர நகரம். நடு ஊரில் ஒரு கணவன் மனைவி சிலை. கார்ல் ஆஸ்கர், கிறிஸ்டினா. இருவரும் ஸ்வீடன் எழுத்தாளர் வில்ஹெல்ம் மூபெரி குடிபெயர்ந்தவர்களைப் பற்றி எழுதிய நாவல் வரிசையின் பாத்திரங்கள். உயிரோடு இருந்தவர்களே அல்லர்! உண்மையில் நிலம் திருத்திய ஆயிரக்கணக்கானவர்களை விட்டுவிட்டுக் கற்பனை மனிதர்களுக்குச் சிலை வைக்கிற பாரம்பரியத்தை எப்படி நம்புவது?

செங்காந்தள் எழுதியது:

கணக்கன் ஐயா, நான் ஸ்வீடனில் வெக்ஷோவில் இருக்கிறேன். ஸ்மோலந்து என்ற பழைய மாகாணத்தின் நடுவிலுள்ள ஊர். டிங்ஸ்ரீட் இங்கிருந்து தெற்கே, காரில் கொஞ்ச நேரம்தான். அந்தச் சிலையின் மூலம் எங்கள் பக்கத்துக் கடற்கரையில், கார்ல்ஸ்ஹாம்ன் துறைமுகத்தில் நிற்கிறது. ஆக்செல் ஓல்சோன் செய்து 1959இல் நிறுவியது. லிண்ட்ஸ்ட்ரோமில் இருப்பது அதன் பிரதி. கணவன் கடலைப் பார்க்கிறான், மனைவி விட்டு வந்த ஊரைத் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டு கரையிலும் அதே இருவர். நீங்கள் குறையாகச் சொல்வதை நான் இந்த உறவின் மிகப் பெரிய பலமாகப் பார்க்கிறேன். ஏன் என்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஸ்மோலந்து கல் விளையும் மண். வயலைச் சுற்றி நீங்கள் பார்க்கும் கற்சுவர்கள் எல்லாம் உழுவதற்காகப் பொறுக்கி அடுக்கிய கற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகியது. அதற்குக் காரணம் அமைதி, அம்மைத் தடுப்பு, உருளைக்கிழங்கு என்று வெக்ஷோவின் பிஷப்பாக இருந்த கவிஞர் எசாயஸ் டெங்னேர் அன்றே சொன்னார். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப் பிரிக்க நிலம் துண்டானது. 1867இல் குளிரும் மழையும், 1868இல் வறட்சி. அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தது. கடலுக்கு அப்பால் அமெரிக்க அரசு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 160 ஏக்கர் தருகிறது என்ற செய்தி வீட்டுக்கு வீடு கடிதங்களாக வந்துகொண்டிருந்தது. 1850க்கும் 1930க்கும் இடையே ஏறத்தாழ 13 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். ஐந்தில் ஒருவர் திரும்பினார்.

இதை அப்போதைய ஸ்வீடன் எப்படிப் பார்த்தது? நாட்டுக்கு ஏற்பட்ட இரத்தப்போக்காகப் பார்த்தது. 1907இல் குடிபெயர்வை எதிர்ப்பதற்கென்றே ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். அதே ஆண்டு அரசு ஒரு பெரிய விசாரணையையும் ஆரம்பித்தது. போனவர்கள் ஓடிப்போனவர்களாகவும், பெருமை தேடிப் போனவர்களாகவும் பேசப்பட்டார்கள். அந்தப் பேச்சை மாற்றியது அந்த நாவல்கள்தான். 1949 முதல் 1959 வரை நான்கு பாகங்களாக வந்தன. எழுதுவதற்காக மூபெரி 1948இல் அமெரிக்கா போய், சிசாகோ பகுதியில் சைக்கிளில் சுற்றி முதியவர்களிடம் கேட்டார், பதிவேடுகளைப் படித்தார். இங்குள்ளவர்கள் முதன்முறையாகத் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பியைப் பற்றி வெட்கமில்லாமல் பேசத் தொடங்கினார்கள். வெக்ஷோவில் குடிபெயர்ந்தோர் இல்லம் 1968இல் திறக்கப்பட்டது அந்த அலையின் விளைவு.

பெயர் தெரிந்த ஒரு முன்னோடிக்குச் சிலை வைத்தால் அது அவர் குடும்பத்தின் சிலை. பெயரே பதியாமல் இறந்த பண்ணைப் பெண்ணுக்கு யார் வைப்பார்கள்? கிறிஸ்டினா அவளுக்காக நிற்கிறாள். லிண்ட்ஸ்ட்ரோமுக்குப் போய்விட்டு வந்த டிங்ஸ்ரீட் மூதாட்டி ஒருவர் அந்தச் சிலைக்குக் கீழே பூ வைத்ததாகச் சொன்னபோது, எனக்கு அது பொய்க்கு வைத்த பூவாகத் தோன்றவில்லை.

கணக்கன் எழுதியது:

இலக்கியம் நினைவை மீட்டது என்பதை ஏற்கிறேன். என் கேள்வி ஊராட்சியைப் பற்றியது. நாவல் படித்தவர்கள் போன பிறகு?

ஓலைச்சுவடி எழுதியது:

வடதிசை "இரத்தம் காப்பாற்றாது" என்று எழுதியிருப்பதை மறுக்கிறேன். இந்த ஊர்களுக்கிடையே உள்ளது பொதுவான இனப்பெருமை என்று நினைத்தால் விஷயம் புரியாது. நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவல்ல இது. ஒரு குறிப்பிட்ட திருச்சபைப் பங்கிலிருந்து (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஒரு குறிப்பிட்ட கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பிரிவு) மக்கள் வரிசையாகப் போன தடம்.

மினசோட்டாவின் ஐசாண்டி கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்தவர்களில் பெருந்தொகையினர் டாலார்னாவின் ரெட்விக் பங்கைச் சேர்ந்தவர்கள். முதலில் சிலர் வந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்து உறவினர் வந்தனர், பின்பு பக்கத்து வீட்டார். ஊரில் அருகருகே இருந்தவர்கள் அங்கேயும் அருகருகே நிலம் எடுத்தார்கள், தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தார்கள், தேவாலயத்திலும் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள். கவுண்டித் தலைநகரான கேம்பிரிட்ஜும் ரெட்விக்கும் இன்று சகோதர நகரங்களாக இருப்பது மேயர்களின் விருப்பத்தால் வந்ததல்ல. சிசாகோ ஏரிகளின் கரையிலும் இதே கதைதான். 1851இல் வந்த முதல் குழு ஹெல்சிங்லாந்தின் ஹாசெலா என்ற ஊரிலிருந்து வந்தது. லிண்ட்ஸ்ட்ரோமுக்குப் பெயர் தந்த டேனியல் லிண்ட்ஸ்ட்ரோமும் ஹாசெலாக்காரர். ஸ்மோலந்துக்காரர்கள் பின்னால் பெருகினார்கள்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? ஸ்வீடனின் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம்தான் காரணம். போதகர் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரும் வேதவினாவிடையை வாசிக்கிறார்களா என்று சோதித்துப் பேரேட்டில் எழுத வேண்டும். பிறப்பு, திருமணம், அம்மைத் தடுப்பு போட்டதா, எந்த ஊருக்குப் போனார் என்பதெல்லாம் அதில் ஏறும். பங்கை விட்டுப் போகிறவர் சான்றிதழ் வாங்க வேண்டும். "வட அமெரிக்காவுக்கு" என்று எழுதி ஒரு கோடு. பிறகு 1869 முதல் கோத்தென்பர்க் காவல்துறை பயணியர் பட்டியல் எழுதியது. அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகம், ரயிலில் லிவர்பூல், மீண்டும் கப்பலில் நியூயார்க். ஒரு பண்ணைக் கூலியின் நகர்வை இவ்வளவு தெளிவாகத் தொடர முடிகிற நாடுகள் உலகில் மிகக் குறைவு.

கோடைகாலத்தில் ஸ்வீடனுக்கு வரும் அமெரிக்கர்களில் எத்தனையோ பேர் வருவது அந்தப் பேரேட்டின் ஒரு வரியைப் பார்க்கத்தான். ஆகவே என் நிலைப்பாடு: வேலை இல்லாவிட்டால் உறவு தூங்கும், ஆனால் சாகாது. பேரேடு இருக்கிறவரை யாராவது ஒருவர் வந்து கதவைத் தட்டுவார்.

மெல்லினம் எழுதியது:

புதிதாகப் படிப்பவள் கேட்கிறேன். கன்சாஸ் மாநிலத்தின் லிண்ட்ஸ்போர்க் ஊருக்குச் சகோதர நகரமாக முங்க்ஃபோர்ஸ் என்று போட்டிருக்கிறது. ஸ்டாக்ஹோம், கோத்தென்பர்க் போன்ற பெரிய நகரங்களை விட்டுவிட்டு ஏன் அந்த ஊர்?

கோதுமைக்காடு எழுதியது:

தங்கை மெல்லினம், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கன்சாஸில் விச்சிட்டாவில் வசிக்கிறேன். லிண்ட்ஸ்போர்க் வடக்கே இருக்கிறது, அடிக்கடி போகும் ஊர்.

1869இல் வெர்ம்லாந்து மாகாணத்தின் சுன்னேமோ பங்கில் போதகராக இருந்த ஓலோஃப் ஓல்சோன் தன் மக்களோடு புறப்பட்டு ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு சிகாகோவில் ஸ்வீடன்காரர்கள் அமைத்த வேளாண் நிறுவனம் ஒன்று இங்கே நிலம் வாங்கியிருந்தது. சுன்னேமோவின் பக்கத்து ஊர்தான் முங்க்ஃபோர்ஸ். கிளாரெல்வென் ஆற்றங்கரையின் இரும்பு ஊர். ஸ்வீடனில் எஃகு உருக்கும் முதல் மார்ட்டின் உலை அங்கேதான் 1868இல் எரிந்தது. இன்று நாட்டின் மிகச் சிறிய நகராட்சிகளில் ஒன்று, லிண்ட்ஸ்போர்க்கின் அளவேதான். ஏறக்குறைய நாலாயிரம் பேருள்ள ஊருக்கு நாலாயிரம் பேருள்ள ஊர் சமமாகப் பேசும். ஸ்டாக்ஹோம் பேசுமா?

வடதிசை அண்ணா கேட்ட "ஆண்டுதோறும் செய்தே தீரவேண்டிய வேலை" இங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்று பாட்டு. ஓல்சோனுக்குப் பின் வந்த இளம் போதகர் கார்ல் ஆரோன் ஸ்வென்சோன் 1881இல் பெத்தனி கல்லூரியைத் தொடங்கினார். 1882இல் அவரும் மனைவி ஆல்மாவும் உழவர்களையும் மாணவர்களையும் சேர்த்து இசையமைப்பாளர் ஹேண்டலின் மெசாயா என்ற நீண்ட கிறிஸ்தவ இசைப்படைப்பைப் பாட வைத்தார்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பலருக்கு ஆங்கிலமே சரியாக வராது. புல்வெளியை உழ ஆரம்பித்துப் பதின்மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. மண் வீடுகளிலிருந்து வந்து ஹேண்டல் பாடினார்கள்! இன்றும் ஈஸ்டர் வாரத்தில் அந்தப் பாடகர் குழு பாடுகிறது. அந்த அரங்கில் உட்கார்ந்து எல்லோரும் எழுந்து நிற்கும் இடம் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஆண்டுவிட்டு ஆண்டுதான் என்றாலும், ஸ்வென்ஸ்க் ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட் என்ற முன்னோர் விழா. 1941இல் தொடங்கியது, ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் நடக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் நடனக்குழு ஒன்று 1963 முதல் இருக்கிறது. அதில் சேர ஸ்வீடன் வழியில் பிறந்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்த பிள்ளைகள் ஸ்வீடனுக்குப் பயணம் போய் அங்குள்ளவர்கள் முன் ஆடுகிறார்கள். பதினாறு வயதில் வேற்று நாட்டில் ஒருவர் வீட்டில் தங்கி, அவர்களுடைய சமையலறையில் சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த ஊர் வாழ்நாள் முழுவதும் வெறும் பெயராக இருக்காது.

1904இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சிக்காக ஸ்வீடன் அரசு கட்டிய மண்டபமும் இன்று லிண்ட்ஸ்போர்க்கில்தான் இருக்கிறது. ஃபெர்டினண்ட் பூபெரி வடிவமைத்தது. பொருட்காட்சி முடிந்ததும் பெயர்த்து இங்கே கொண்டுவந்து கல்லூரிக்குக் கொடுத்தார்கள். ஓவியர் பிர்கர் சாண்ட்சேன் 1894இல் வந்து இங்கேயே வாழ்ந்து, 1954இல் இறக்கும்வரை இந்தப் பள்ளத்தாக்கை வரைந்தார், அந்த மண்டபத்தில்கூடப் பாடம் நடந்திருக்கிறது. 1976இல் அரசர் கார்ல் பதினாறாம் குஸ்தாவ் நேரில் வந்தபோது மண்டபத்தை மீண்டும் திறந்துவைத்தார்.

கணக்கன் எழுதியது:

பாட்டு, நடனம், பந்தயம் மூன்றையும் கேட்டேன். மோராவுக்கும் லிண்ட்ஸ்போர்க்கும் என் ஆட்சேபம் பொருந்தாது என்பதை மனமார எழுதுகிறேன்.

வில்மிங்டனுக்கு என்ன சொல்வீர்கள்? டெலவேர் மாநிலம். ஸ்வீடனின் கால்மர் அதன் சகோதர நகரம். அங்கே இருந்தது 1638இல் தொடங்கி 1655இல் டச்சுக்காரர்களிடம் விழுந்த புதிய ஸ்வீடன் குடியேற்றம். பதினேழு ஆண்டுகள். 13 லட்சம் பேரின் அலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேரேடும் பேசாது, பங்குக்குப் பங்கு தடமும் இல்லை.

வடதிசை எழுதியது:

கணக்கன், நல்ல எடுத்துக்காட்டைத் தந்தீர்கள். அது என் பக்கம் பேசுகிறது.

1638 மார்ச்சில் பீட்டர் மினுயிட் தலைமையில் வந்த இரண்டு கப்பல்களில் ஒன்று கால்மர் நிக்கல். டச்சு நாட்டில் கட்டப்பட்டு, கால்மர் நகரத்தார் தந்த பணத்தில் ஸ்வீடன் வாங்கிய கப்பல். அந்தக் குடியேற்றத்தில் மிஞ்சியவை கொஞ்சம்தான்: 1698-99இல் கட்டிய பழைய தேவாலயம், 1938இல் முந்நூறாம் ஆண்டுக்காக ஸ்வீடன் மக்கள் அன்பளிப்பாகத் தந்த, சிற்பி கார்ல் மில்லஸின் கல்தூண். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு உறவை நடத்த முடியாது. ஆனால் வில்மிங்டன்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கப்பலையே மறுபடியும் கட்டினார்கள். 1997இல் நீரில் இறக்கினார்கள். கயிறு இழுப்பவர்களும் பாய் விரிப்பவர்களும் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். மரக்கப்பலைச் சும்மா விட்டால் அழுகும். தார் பூச வேண்டும், பாய் தைக்க வேண்டும், புதிய ஆளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். வம்சமே இல்லாத இடத்தில் வேலை வம்சத்தை உண்டாக்கிவிட்டது.

ஓலைச்சுவடி ஐயாவுக்கும் ஒன்று. பேரேட்டை மறுக்கவில்லை. ஆனால் பேரேட்டைத் தேடி வருபவர் தன் குடும்பத்துக்காக வருகிறார், வரியைக் கண்டதும் திரும்பிவிடுகிறார். ஊருக்கும் ஊருக்கும் என்ன மிஞ்சுகிறது?

ஓலைச்சுவடி எழுதியது:

மிஞ்சுகிறது. அந்த வரியைப் படித்துக்காட்டும் உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். ஸ்வீடனின் கிராமங்களில் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஊர் வரலாற்றுச் சங்கத்து முதியவர்கள் இருக்கிறார்கள். விருந்தினரைக் காரில் ஏற்றி, இடிந்த வீட்டின் அடித்தளக் கல் இருக்கும் காட்டுக்கே அழைத்துப் போவார்கள். காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுப்பார்கள். அதற்கு எந்த நகராட்சியும் சம்பளம் தருவதில்லை. நீங்கள் சொல்லும் "வேலை"யில் இதையும் சேருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வடதிசை எழுதியது:

சேர்த்துக்கொண்டேன்.

நாணல் எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லோரும் இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

160 ஏக்கர் "அரசு தந்த" நிலம் எங்கிருந்து வந்தது? மோராவும் சிசாகோ ஏரிகளும் இருக்கும் பகுதி 1837ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் ஒஜிப்வே, டகோட்டா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. தெற்கு மினசோட்டாவில் டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் நடந்த 1862 போருக்குப் பின் டிசம்பர் 26 அன்று மங்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு டகோட்டா மக்களை மாநிலத்தை விட்டே வெளியேற்ற நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஸ்வீடன் அலை பெருகியது அதற்கடுத்த ஆண்டுகளில். கன்சாஸுக்குத் தன் பெயரையே தந்த காவ் (கன்சா) பூர்வகுடி மக்களை 1873இல் தெற்கே அனுப்பிவிட்டார்கள். ஓல்சோனின் குழு வந்து நாலாவது ஆண்டு.

பசியால் வந்த ஸ்மோலந்து உழவன் இதைத் திட்டமிட்டான் என்று நான் சொல்லவில்லை. அவன் துன்பம் உண்மை. ஆனால் இரண்டு ஊர்கள் கைகோத்துக்கொண்டு "நம் முன்னோர் வெற்று நிலத்தைப் பண்படுத்தினார்கள்" என்று மேடையில் சொல்லும்போது, அங்கே ஒரு பொய் விழுகிறது. மோராவிலிருந்து சற்றுத் தூரத்தில் மில் லாக்ஸ் ஏரி இருக்கிறது. அதன் கரையில் ஒஜிப்வே மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். 1837 ஒப்பந்தம் தந்த வேட்டை, மீன்பிடி உரிமைகளுக்காக மினசோட்டா அரசோடு வழக்காடி 1999இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அவர்கள் நினைவுச்சின்னமல்லர், உங்கள் பக்கத்து வீட்டார்.

கோதுமைக்காடு எழுதியது:

நாணல், இதை இங்கே எழுதியதற்கு நன்றி. லிண்ட்ஸ்போர்க்கைப் பற்றி எனக்கு இருக்கும் அன்பு இதனால் குறையவில்லை. ஆனால் மண்டபத்தைச் சுற்றிக்காட்டும்போது காவ் மக்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

செங்காந்தள் எழுதியது:

நாணல் சொன்னதை ஸ்வீடன் பக்கத்திலும் வைத்துப் பார்க்கிறேன். இங்கே குடிபெயர்வை வறுமையிலிருந்து மீண்ட வீரக்கதையாகவே பள்ளிகளில் நீண்ட காலம் சொன்னார்கள். கடலுக்கு அப்பால் யாருடைய நிலம் என்ற கேள்வி இப்போதுதான் மெல்ல வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கோடையில் வெக்ஷோவில் மினசோட்டா நாள் என்று ஒரு விழா நடக்கும், ஆகஸ்டில். அமெரிக்க விருந்தினர் வருவார்கள், பாட்டு இருக்கும், உரைகள் இருக்கும். வெக்ஷோவின் சகோதர நகரமான, மினசோட்டாவின் டுலூத் பற்றியும் பேச்சு வரும். மேடையிலிருந்து பார்த்தால் எதிரே நரைத்த தலைகள்தான் அதிகம். விழா நடக்கும் திடலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களோ சிரியாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். 2015இல் மட்டும் ஸ்வீடனில் புகலிடம் கேட்டவர்கள் ஏறக்குறைய 1,63,000 பேர். இன்று இந்த நாட்டில் வாழ்பவர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். நானும் அவர்களில் ஒருத்தி.

குடிபெயர்ந்தோர் இல்லத்தில் பெட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு குடும்பம் தன் உடைமை முழுவதையும் அடைத்துக் கொண்டுபோன மரப்பெட்டி. அதைப் பார்க்க எந்த வம்சாவளியும் வேண்டாம். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஓர் இரவு உட்கார்ந்து முடிவு செய்தவர்களுக்கு அது சொல்லாமலே புரியும். அந்த இளைஞர்களை உள்ளே அழைத்துவரத் தெரிந்த ஆசிரியர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். சகோதர நகரக் குழுக்கள் அவர்களோடு சேர வேண்டும் என்பது என் ஆசை. மினசோட்டாவிலும் சோமாலியர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்களே! இரண்டு பக்கமும் புதிதாக வந்தவர்கள், இரண்டு பக்கமும் பழைய பேரேடுகள். டுலூத்துக்கும் வெக்ஷோவுக்கும் இடையே இதைவிட நல்ல பாடத்திட்டம் எது?

கணக்கன் எழுதியது:

இதற்கு நகராட்சி பணம் ஒதுக்கினால் நானே கை தூக்குவேன்.

முன்பு விட்டுப்போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லிண்ட்ஸ்ட்ரோமின் சாலைப் பலகையில் ஊர்ப் பெயரின் ஓ எழுத்துக்கு மேலிருந்த இரண்டு புள்ளிகளை மாநில நெடுஞ்சாலைத் துறை நீக்கிவிட்டது. ஊர் கொதித்தது. 2015இல் அப்போதைய ஆளுநர் மார்க் டேட்டன் ஆணை பிறப்பித்துப் புள்ளிகளைத் திரும்ப வைக்கச் சொன்னார். அப்போது அதை வீண் ஆரவாரம் என்று நினைத்தேன். செங்காந்தளின் முதல் மறுமொழியைப் படித்த பிறகு வேறு மாதிரி பார்க்கிறேன். கொதிப்பதற்கு ஆள் இருக்கிற ஊரில் பரிமாற்றத் திட்டம் நடத்தவும் ஆள் கிடைப்பார்கள். அந்தக் கொதிப்பைப் பலகையோடு முடிந்துபோக விடக்கூடாது.

மெல்லினம் எழுதியது:

எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. நான் மினியாபோலிஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். மாணவர்களில் பாதிப் பேர் குடியேறிய குடும்பங்கள். ஒரு நாள் பயணமாக அழைத்துப் போக வேண்டுமென்றால் எந்த ஊர்? பந்தயமா, சிலையா?

வடதிசை எழுதியது:

ஒரே நாள் என்றால் சிசாகோ ஏரிகள் பக்கம் போங்கள். மினியாபோலிஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்டர் சிட்டியில் 1854இல் தொடங்கிய சபையின் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன, லிண்ட்ஸ்ட்ரோம் சிலை பக்கத்திலேயே. கல்லறைக் கற்களில் பிறந்த பங்கின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். சிலவற்றில் இருக்கும். பிறகு ஓலைச்சுவடி ஐயா சொன்ன பேரேடுகளை ஸ்வீடனின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் படங்களாகத் தந்திருக்கிறது, வகுப்பறையிலேயே திறந்து பார்க்கலாம். 1837 ஒப்பந்தத்தின் வாசகத்தையும் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். அதே ஏரிக்கரையில் நின்று படிக்கட்டும்.

பிப்ரவரியில் வர முடிந்தால் மோராவுக்கு வாருங்கள். சறுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சூப் ஊற்றவும் மணி அடிக்கவும் ஆண்டுதோறும் ஆள் தேவைப்படுகிறது. கையுறை இரண்டு அடுக்காகப் போட்டு வரச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் மேசை போட வேண்டியிருக்கும்.

ஓலைச்சுவடி எழுதியது:

மெல்லினம் அம்மா, பேரேட்டுக் கையெழுத்தைப் படிப்பதில் சிக்கல் வந்தால் இந்த இழையிலேயே படத்தைப் போடுங்கள். படித்துச் சொல்கிறேன்.